தோலும் கோணமும்

பழனிக்காரனான எனக்கு, மாவட்டத் தலைநகர் திண்டுக்கல் என்றதும் பூட்டும் தோலுமே நினைவுக்கு வரும். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் உருவத்தைத் தேடிய கதை சென்னையில் நிகழ்ந்தது. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் பொறுத்தருள்க.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஜி. என். ராமச்சந்திரன் தலைமையேற்றபோது அவருக்கு வயது முப்பது. கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று, அங்கு வந்த ஜே. டி. பெர்னால் சொல்லிச் சென்றார். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகில்தான் இருந்தது. அங்கிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பே கொலாஜன் என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்த ரிச்சும் கிரிக்கும் மூன்று இழைகளை ஏற்றனர். ஆனால் இம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றார் இவர். ஒன்றுதான் என்றனர் அவர்கள். பிற்காலச் சான்றுகள் அவர்கள் பக்கமே சாய்ந்தன. வாதத்தில் தோற்றார் என்று இங்கே கதையை முடிப்பவர்கள் அவசரக்காரர்கள். அணுக்கள் உண்மையில் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் கேட்டுக்கொண்டார்.

இதற்கு அடித்தளம் 1931இல் லைனஸ் பாலிங் தந்த விளக்கம். கார்பன் தன் ஒரு எஸ் ஆர்பிட்டாலையும் மூன்று பி ஆர்பிட்டால்களையும் கலந்து, நான்கு சமமான ஆர்பிட்டால்களாக்கிக்கொள்கிறது. அவை நான்முகியின் முனைகளை நோக்கி 109.5 பாகை விலகி நிற்கும். ஒரு எஸ், இரண்டு பி மட்டும் கலந்தால் ஒரே தளத்தில் 120 பாகை. பாடநூல்கள் இதை இனக்கலப்பு என்கின்றன; நல்ல சொல்தான். புரத இழையில் இரண்டு வகையும் உண்டு. பெப்டைடு பிணைப்பின் கார்பனும் நைட்ரஜனும் இரண்டாம் வகை. கலக்காமல் எஞ்சிய பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் தழுவிக்கொள்வதால் அப்பகுதி அட்டைபோல் தட்டையாக விறைத்துவிடுகிறது. அட்டைகளை இணைக்கும் கீலாக நிற்பது முதல் வகைக் கார்பன். அதன் இருபுறமும் ஒவ்வொரு சுழற்சிதான் சாத்தியம்.

சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அந்த இரு கோணங்களின் சேர்க்கைகளைக் கணக்கிட்டு, அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களையெல்லாம் அவர் விலக்கினார். தாளில் எஞ்சியவை சில தீவுகளே. பாலிங் கண்ட ஆல்ஃபா சுருளும் அவற்றுள் ஒன்றில் அமைந்தது. 1963இல் வெளியான அந்த வரைபடம் ராமச்சந்திரன் பெயராலேயே வழங்குகிறது. இன்றும் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்ததாகச் சொல்பவர்கள், அதன் கோணங்கள் அந்தத் தீவுகளுக்குள் அடங்குகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள்.