பல வீட்டுச் சோறு

கார்த்திகை கடைசி. ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன. மறைமலை நகரில் ஒரு மாடி அறை. உள்ளே ஆறு பையன்கள். ஒருவனுக்கு விருதுநகர், ஒருவனுக்குத் திருவண்ணாமலை, இரண்டு பேருக்கு பீகார். வாரம் முழுக்க ஷிப்ட். இன்றைக்குத்தான் லீவு. கொடியில் யூனிஃபார்ம் காயாமல் தொங்குகிறது.

''என்னடா பண்றது?''

''மழை விட்டா மெஸ்ஸுக்குப் போலாம்.''

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. மழையும் குளிரும் மனிதனை வீட்டுக்குள் அடைத்துப் போட்டால் அவன் என்ன செய்வான்? சாப்பிடுவான். உட்கார்ந்து விளையாடுவான். உலகம் முழுக்க இதுதான். யாரோடு சாப்பிடுகிறான், யார் சமைத்ததைச் சாப்பிடுகிறான் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அந்தக் கதை இதே ஊர்ப் பக்கம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

மறைமலை நகருக்குப் பக்கத்தில் திருக்கச்சூர் என்று ஒரு பழைய ஊர். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுந்தரர், திருக்கழுக்குன்றத்திலிருந்து நடந்து அங்கே வந்து சேர்கிறார். உச்சி வெயில். அகோரப் பசி. சாப்பாடு கொண்டு வரவேண்டிய ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. அப்போது ஒரு பெரியவர் வருகிறார். ''இங்கேயே இரும், நான் போய்ச் சோறு வாங்கி வருகிறேன்'' என்கிறார். கையில் ஓட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார். கிடைத்ததைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு மறைந்து போகிறார். வந்தவர் சிவபெருமான் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. அந்த ஊர் இறைவனுக்கு விருந்திட்டீஸ்வரர் என்ற பெயரே உண்டு.

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் கதையாகவே வைத்துக்கொள்ளட்டும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடவுள் நினைத்தால் ஒரு நொடியில் பாயசத்தோடு விருந்து வரவழைத்திருக்கலாம். ஆனால் கதையில் அவர் அப்படிச் செய்யவில்லை. தெருவில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டினார். வெளியூர்க்காரன் ஒருவனின் பசிக்கு, பல வீட்டுச் சோறு ஒரே ஓட்டில் வந்து விழுந்தது.

அதே வட்டாரத்துக்கு அப்புறம் வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள்.

சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிடப்பட்ட துணைநகரம்தான் மறைமலை நகர். வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்ட தனித்தமிழ் அறிஞரின் பெயர் அதற்கு. 1999ல் இங்கிருந்து ஃபோர்டு 'ஐகான்' கார் வெளியே வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1998 செப்டம்பரில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 'சான்ட்ரோ'வை இறக்கியிருந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலை இருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் வயலும் ஏரியுமாக இருந்த இடம் பத்துப் பதினைந்து வருஷத்தில் தொழிற்சாலைக் காடாகிவிட்டது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான்.

தனித்தமிழ் அடிகளின் பெயர் கொண்ட ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கொரிய எழுத்தில் ஓட்டல் போர்டு! அடிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்த போர்டுக்குப் பின்னால்தான் குளிரின் கதை வருகிறது.

நமக்குக் குளிர் என்றால் இருபது டிகிரி. அதற்கே மஃப்ளர் கட்டிக்கொண்டு, ''இந்த வருஷம் பனி ஜாஸ்தி'' என்போம். கொரியாவில் குளிர் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே. மண் உறைந்துவிடும். தோட்டத்தில் பச்சை என்று ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

முதலில் வீடு. சமையலறை அடுப்பின் புகையை வெளியே விடாமல், அறையின் தரைக்கு அடியில் கல் பாதை அமைத்து அதன் வழியாக ஓட விட்டார்கள். இதற்கு ஓண்டோல் என்று பெயர். ஒரே நெருப்பில் சோறும் வெந்தது, தரையும் சுட்டது. அடுப்புப் பக்கம் இருக்கும் தரைதான் அதிகம் சூடாக இருக்கும். பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் அந்த இடம். கொரியர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையிலேயே படுத்துத் தூங்கியதற்கு இந்தச் சூடான தரைதான் காரணம்.

அடுத்தது சாப்பாடு. நவம்பர் பிறந்து குளிர் தலைகாட்டியதும் ஊரே ஒரு வேலையில் இறங்கும். கிம்ஜாங். நாலைந்து மாசத்துக்குத் தேவையான கிம்ச்சியை ஒரே மூச்சில் போட்டு வைப்பது. சீன முட்டைக்கோஸைப் பிளந்து ராத்திரி முழுக்க உப்பில் ஊற வைக்க வேண்டும். காலையில் அலச வேண்டும். மிளகாய்த் தூள், முள்ளங்கி, பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய இறால் எல்லாம் சேர்த்த விழுதை ஒவ்வொரு இலைக்கும் நடுவே கையால் தடவ வேண்டும். அப்புறம் பெரிய மண் ஜாடிகளில் அடைத்து, கழுத்து வரை மண்ணில் புதைத்து வைப்பார்கள். மேலே பனி உறைந்தாலும் உள்ளே கிம்ச்சி உறையாது, சீக்கிரம் புளித்தும் போகாது.

ஒரு வீட்டுக்கு நூறு முட்டைக்கோஸ் என்றால் ஒருத்தியால் ஆகிற காரியமா? இன்றைக்கு என் வீட்டுக்கு நீ வா, நாளைக்கு உன் வீட்டுக்கு நான் வருகிறேன். தெருப் பெண்கள் எல்லாரும் ஒரு முற்றத்தில் கூடுவார்கள். வேலை முடிந்ததும் அவித்த பன்றிக் கறியும் அப்போதுதான் தடவிய கிம்ச்சியும் வைத்து எல்லாருக்கும் சாப்பாடு. இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். இந்தக் கூட்டு வேலையைத்தான், கவனியுங்கள், கிம்ச்சியின் ருசியை அல்ல, 2013 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கிம்ச்சியின் சிவப்பு, மிளகாய். அது கொரியாவில் விளைந்ததும் இல்லை, இந்தியாவில் விளைந்ததும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் மூலமாக நம் கரைக்கு வந்தது. மிளகு போல உறைக்கிற காய் என்று மிளகாய் என்றோம். கொரியாவில் 1614ல் எழுதப்பட்ட ஒரு நூல், ஜப்பானிலிருந்து வந்த உறைப்பான சரக்கு என்று அதைக் குறிப்பிடுகிறது. நாம் அதை வெயிலில் காய வைத்து வத்தலாக்கி மழைக்காலத்தைத் தாண்டினோம். அவர்கள் ஜாடியில் புதைத்துக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள்.

இன்னொரு ஒற்றுமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நம் தொழிலாளிக்குத் தீபாவளி போனஸ் என்றால், கொரியத் தொழிலாளிக்கு முன்பெல்லாம் கிம்ஜாங் போனஸ். முட்டைக்கோஸும் மிளகாய்த் தூளும் வாங்க!

பிறகு அங்கேயும் காலம் மாறியது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு, முற்றத்தை விட்டு அடுக்குமாடிக்கு. பதினைந்தாவது மாடியில் எங்கே ஜாடியைப் புதைப்பது? 1995ல் இதற்கு வழி செய்தது ஒரு கம்பெனி. கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ். மண்ணுக்கு அடியில் இருக்கும் அதே குளிரை அது வீட்டுக்குள் கொண்டு வந்தது. பெயர் 'டிம்ச்சே', கிம்ச்சியின் பழைய பெயர். செய்தது யார் தெரியுமா? மாண்டோ. கார் பிரேக் செய்கிற கம்பெனி! ஹூண்டாயை நிறுவியவரின் தம்பி தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்தது. ஹூண்டாய்க்குப் பின்னாலேயே நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்து பிரேக் செய்ய ஆரம்பித்ததும் இதே மாண்டோதான்.

ஃபிரிட்ஜ் வந்தது. முற்றத்துக் கூட்டம் குறைந்தது. புளிப்பு அப்படியே இருந்தது, பக்கத்து வீட்டுக்காரி இல்லை.

சரி, சாப்பிட்டாயிற்று. வெளியே பனி. என்ன விளையாடுவது?

கொரியப் புத்தாண்டு வருவது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ. குளிர் எலும்பைக் குத்துகிற நேரம். வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை வட்டமாக உட்கார்ந்து யூட் ஆடுவார்கள். நாலு குச்சிகள். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உருண்டை. தூக்கிப் போட்டால் எத்தனை மல்லாந்து விழுகிறதோ அதை வைத்துக் கணக்கு. காயை நகர்த்த வேண்டும். எதிராளியின் காய் இருக்கும் இடத்தில் போய் விழுந்தால் வெட்டு. வெட்டினால் இன்னொரு தடவை போடலாம்.

''அட, நம்ம தாயம்!'' என்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் 1895லேயே ஸ்டீவர்ட் கியூலின் என்ற அமெரிக்கர், கொரிய விளையாட்டுகளைப் பற்றிய தன் புத்தகத்தில் யூட்டையும் நம் நாட்டுச் சொக்கட்டானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். எது எங்கிருந்து போனது என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். கீழடி மண்ணைத் தோண்டினால் அங்கேயும் பகடைக்காய் கிடைக்கிறது. மழை நாளில் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைத் தேய்த்து உருட்டி, ''தாயம் விழுந்தாத்தான் காய் எறங்கும்'' என்று சண்டை போட்ட தலைமுறை நம்மிடமும் உண்டு.

தாயத்துக்கும் யூட்டுக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நாலு பேர் இருந்தால்தான் சுவாரஸ்யம். தனியாக ஆடுகிற தாயம் என்று ஒன்று கிடையாது.

இப்போது அந்த மாடி அறைக்குத் திரும்பி வருவோம். ஆறு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செல்போன். ஆறு பேரும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அறையில் அடுப்பு இல்லை, வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. சோறு மெஸ்ஸிலோ கம்பெனி கேன்டீனிலோ. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியாது.

இது உப்போடு நின்றுவிட்டால் பரவாயில்லை. 2021 டிசம்பர், இதே குளிர் மாதம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிற பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், சாப்பாடு விஷமாகி இருநூற்றைம்பது பேருக்கு மேல் சுருண்டு விழுந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லை. ராத்திரியில் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆலையை மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஒரே அறையில் எத்தனையோ பேர் தரையில் படுத்துக் கிடந்த விவரமெல்லாம் அப்புறம்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கிம்ஜாங் முற்றத்தில் யார் கை பட்ட கிம்ச்சி என்று எல்லாருக்கும் தெரியும். கெட்டுப் போனால் அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு வாங்க வேண்டும். அந்தப் பயமே பாதுகாப்பு. சமைத்தவர் யார் என்று சாப்பிடுகிறவருக்கும், சாப்பிடுகிறவர் யார் என்று சமைத்தவருக்கும் தெரியாமல் போகிற இடத்தில் அந்தப் பாதுகாப்பு காணாமல் போகிறது.

அந்த டிசம்பருக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாயில் பெரிய குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் கட்டடம் கட்டிவிட்டால் தெரு வந்துவிடாது. ஆலையை நம்பித்தான் இங்கே மெஸ்ஸும் டீக்கடையும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022ல் கார் உற்பத்தி நின்றபோது வேலை போனவர்கள் ஆலைக்குள் இருந்தவர்கள் மட்டும் இல்லை. முகம் பார்த்துச் சோறு போட்டவர்களின் கல்லாவும் காலியாயிற்று.

திருக்கச்சூர்க் கதையில் எனக்குப் பிடித்தது கடவுள் வந்தது இல்லை. அவர் தட்டிய கதவுகள் திறந்தன என்பதுதான். யாருக்கு என்று தெரியாமலே, யாரோ ஒரு வெளியூர்க்காரன் பசிக்கு ஒரு பிடி போட்ட அந்த வீட்டுப் பெண்களின் பெயர் எந்தப் புராணத்திலும் இல்லை.

இன்றைக்கு வெளியூர்க்காரன் எதிர் மாடியில்தான் குடியிருக்கிறான். மழை விட்டபாடில்லை. மெஸ்ஸும் மூடியிருக்கும். உங்கள் வீட்டில் ரசம் கொஞ்சம் மிச்சம் இருந்தால், மாடிப்படி ஏறித்தான் பாருங்களேன். போகும்போது தாயக்கட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனைக் கீழே வைக்க அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டும்.