வேரும் அமினோ அமிலமும்

மண்ணுக்கு மேல் விளங்கும் இலையையும் மலரையும் போற்றிய அளவுக்கு, மண்ணுக்குள் மறைந்து உழைக்கும் வேரை மனிதர் எண்ணிப் பார்த்ததில்லை. வேர் எதனை உண்டு வளர்கிறது என்னும் வினாவே பெரும் வழக்காய் நெடுநாள் நடந்தது.

மட்கிய இலைதழைகளின் சாரத்தைச் செடி நேரே உண்கிறது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினர். ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், 1840-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். செடிக்கு வேண்டுவன காற்றும் நீரும் உப்புச் சத்துகளுமே என்றார். அவர் கூற்றில் பேருண்மை உண்டு. ஆயினும், வேர் என்பது உப்பு நீரை உறிஞ்சும் வெறுங்குழாய் என்ற எண்ணமும் அதனோடு பரவிற்று. அவ்வெண்ணத்தைத் திருத்தியவற்றுள் அமினோ அமிலங்களின் வரலாறும் ஒன்று.

அமினோ அமிலங்கள் புரதம் என்னும் மாளிகையின் செங்கற்கள். அவற்றுள் ஒன்றான டிரிப்டோபேனை 1901-இல் ஹாப்கின்ஸ், கோல் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் பாற்புரதத்திலிருந்து பிரித்தெடுத்தனர். அதற்கும் வேருக்கும் உள்ள உறவு வெளிப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1934-இல் ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் கோகல் என்பாரும் அவர்தம் துணைவரும், செடியின் வளர்ச்சியைத் தூண்டும் இண்டோல் அசிட்டிக் அமிலத்தை மனிதரின் சிறுநீரிலிருந்து பிரித்தனர். மறு ஆண்டே, ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட அதே அமிலம் வெட்டிய தண்டில் வேர்களைத் தோற்றுவிப்பதைத் திமானும் கெப்ஃப்ளியும் அமெரிக்காவில் காட்டினர். ஒருவகைப் பூஞ்சணம் அதனை ஆக்குவதற்கு டிரிப்டோபேனே மூலப்பொருள் என்பதும் திமானின் ஆராய்ச்சியால் அவ்வாண்டிலேயே புலப்பட்டது. செடிக்குள் டிரிப்டோபேன் இரண்டே படிகளில் அவ்வமிலமாக மாறும் முதன்மை வழி, 2011-இல்தான் ஐயமற நிறுவப்பட்டது.

இங்கே அளவே அனைத்தும். தண்டை நீளச் செய்யும் அதே அளவு, வேரின் நீட்சியைத் தடுக்கும். ஆனால் பக்க வேர்களைப் பெருக்கும்.

அமினோ அமிலம் நேரடியாகவும் வேருக்குக் கட்டளை இடுவதுண்டு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் நடந்த ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. மிகச் சிறிதளவு குளூட்டமேட் வேர்நுனியில் பட்டதும் முதல்வேரின் வளர்ச்சி தளர்ந்தது. நுனியை அடுத்துக் கிளை வேர்கள் மிகுந்தன. சத்து உள்ள இடத்தைக் கடந்து செல்லாமல், அங்கேயே பரவி நிற்க இது வேருக்கு உதவக்கூடும்.

வேர் அமினோ அமிலத்தை முழுதாக உண்ணுமா? சுவீடன் நாட்டுக் காட்டில் அடையாளமிட்ட கிளைசினை மண்ணில் இட்டுச் சோதித்தனர். மரங்களும் புல்லும் அதனை உடைபடாமலே ஏற்றன என்று 1998-இல் அறிவித்தனர். லீபிக் தள்ளிய பழங்கொள்கையிலும் ஒரு துளி உண்மை இருந்ததென இதனால் விளங்கிற்று.

எனினும், அமினோ அமிலத்தை அள்ளிக் கொட்டினால் பயிர் செழிக்கும் என்பது பொருந்தாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை விரைந்து உண்டுவிடும். மிகுந்தால் வேரே குன்றும். வேர் வாய் மட்டுமன்று. மண்ணின் செய்தியை அறிந்து நடக்கும் உறுப்புமாகும்.