டெக் டிக்கெட்டில் கடல் கடந்தவர்கள்

சேலம், நாமக்கல் சீமைக்குக் கடல் கிடையாது. ஏரி உண்டு, காவிரி உண்டு, மழை பெய்தால் திருமணிமுத்தாறு உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சுமார் இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் ஒரு காலத்தில் இந்த மேட்டுக்காட்டு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி வங்காள விரிகுடாவைக் கடந்திருக்கிறார்கள். மலாயாவுக்கு அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களைச் சொன்னால் திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காட்டோடு சேலத்தின் பெயரும் கட்டாயம் வரும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான்.

கப்பல் பயணம் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சொகுசுக் கப்பல்தான். நீச்சல் குளம், விதவிதமான சாப்பாடு, இரவில் ஆட்டம் பாட்டம்! 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அப்படி ஒரு கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். இந்த வியாபாரம் புதிதல்ல. 1844-லேயே பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கம்பெனி மத்தியதரைக் கடலில் உல்லாசப் பயணம் நடத்தியது.

ஆனால் நீண்ட கடல் பயணம் போய் வந்தவர்களைக் கேட்டால் முதலில் அவர்கள் நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். கூட வந்த மனிதர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ரயிலில் பழகியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுவார். கப்பலில் அப்படி யாரும் எங்கும் போய்விட முடியாது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு இரும்புத் தீவு. செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. பேச்சுத் துணை தேடித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஒரு கேள்வி. கேபினில் படுத்துப் போனவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சந்தோஷமா? டெக்கில் பாய் விரித்துப் போனவர்களுக்குக் கிடையாதா?

அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1871 கணக்கெடுப்பில் 19.67 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பத்து வருடத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு! செத்தவர் போக மீதியிருந்தவர்களுக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கடலுக்கு அப்பால் காப்பித் தோட்டமும், கரும்புத் தோட்டமும், பிறகு ரப்பர் தோட்டமும் ஆள் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆள் பிடிக்க வந்தவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர் அல்ல. அதே ஊர்க்காரர். தோட்டத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, நல்ல வேட்டி சட்டையோடு திரும்பி வரும் கங்காணி. அவர் முன்பணம் கொடுப்பார், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கிளம்புவார். வழிச்செலவு கடனாகத் தலையில் ஏறும். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகளிடம் வேலையாட்களின் கணக்குப்படி வரி வாங்கி, அந்தப் பணத்தில் கப்பல் கட்டணத்தைக் கட்டினார்கள். யார் ஆள் கூட்டி வந்தாலும் செலவு எல்லா முதலாளிகளுக்கும் பொது என்ற ஏற்பாடு. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சுவாரசியமான கணக்கு.

சேலத்துக்கு 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013-இல்தான். ஆகவே நாமக்கல், ராசிபுரம் பக்கத்துக்காரர்கள் ரயிலேறவே முதலில் சேலத்துக்கோ, காவிரியைத் தாண்டிக் கரூருக்கோ போக வேண்டும். அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம். அங்கே முகாமில் வைத்து மருத்துவச் சோதனை செய்வார்கள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாகக் கடலைப் பார்ப்பவருக்கு அந்தப் படகு எப்படி இருந்திருக்கும்!

இந்தப் பாதையில் ஓடிய கப்பல்களில் புகழ்பெற்றது 'ரஜூலா'. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் பக்கத்தில் உள்ள போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. மேல் வகுப்புகளில் இடம் மிகக் கொஞ்சம். டெக்கிலோ ஆரம்பத்தில் 5,000 பேருக்கும் மேல் ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது! பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். கம்பெனியின் லாபம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டெக் டிக்கெட் என்றால் கட்டில் கிடையாது, அறை கிடையாது. தகரப் பெட்டியை வைத்து, பக்கத்தில் பாயை விரித்தால் அதுதான் இடம். முதல் இரண்டு நாள் பாதிப் பேருக்கு வாந்தியும் மயக்கமும்தான். தலை நிமிர்ந்ததும் பக்கத்துப் பாய்க்காரரின் முகம் தெரியும். எந்த ஊர், என்ன ஆட்கள், எந்தத் தோட்டம் என்று விசாரிப்பு தொடங்கும். ஊறுகாய் கைமாறும். குழந்தைகள் யார் பிள்ளை என்று தெரியாமல் ஒன்றாக ஓடும். திருச்செங்கோட்டுக்காரரும் அறந்தாங்கிக்காரரும் ஊரில் இருந்திருந்தால் ஜென்மத்துக்கும் சந்தித்திருக்க மாட்டார்கள். டெக்கில் ஒரு வாரம் தலைமாட்டில் தலைமாடு வைத்துத் தூங்கினார்கள்.

கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்று நம்பிய காலம் அது. கப்பலில் சாதி அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஊரே கூட்டமாகப் போனபோது ஊரின் வழக்கமும் கூடவே போனது, தோட்டத்து லயன்களிலும் அது தொடர்ந்தது. ஆனால் ஊரில் தெருவே வேறாக இருந்தவர்களுக்கு டெக்கில் வேறு தெரு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. பக்கத்தில்தான் படுத்தாக வேண்டும்.

வட இந்தியாவிலிருந்து பீஜிக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தார்கள். கப்பல் சகோதரன் என்று அர்த்தம். கப்பல் சகோதரனைக் கூடப்பிறந்தவனாகவே கருதி, அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூடாது என்று நினைத்தவர்களும் உண்டு. இது வெறும் நட்பு அல்ல. சொந்தபந்தத்தைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் வழியிலேயே புதிதாகச் செய்துகொண்ட சொந்தம்.

கேபின் பயணத்தின் சந்தோஷம் எழுத்தில் நிறையப் பதிவாகியிருக்கிறது. ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில்தான் காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று நினைத்தார். படம் 1940-இல் வெளிவந்தது. கடலில் கிடைத்த ஓய்வு நேரம் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது. டெக்கில் போனவர்களுக்கும் அதே ஓய்வு நேரம் இருந்தது. வயலில் பிறந்து வயலிலேயே உழைத்தவர்களுக்கு ஐந்தாறு நாள் யாரும் வேலை ஏவாத நாட்கள் அவைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாததால் என்ன நினைத்தார்கள் என்பது எழுத்தில் நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷம் பினாங்கில் முடிந்தது. டெக் பயணிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து ஜெரஜாக் தீவு முகாமில் வைப்பது வழக்கம். பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்புவார்கள். பலர் அதன்பின் சந்திக்கவே இல்லை.

காலம் மாறியது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களைச் செலவு கொடுத்து அனுப்புவதை நிறுத்தியது. இரண்டாம் உலகப்போரில் இந்தக் கப்பல்கள் படைகளை ஏற்றிப் போயின. ரஜூலாவின் ஜோடிக் கப்பலான 'ரோனா' 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அருகே ஜெர்மானியக் குண்டுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களாக இருந்த இந்தியர்களும் பலர் மாண்டார்கள். ரஜூலா தப்பித்து வந்து மறுபடியும் பழைய பாதையிலேயே ஓடியது. இப்போது அதில் கூலிக்காகப் போகிறவர்கள் குறைந்து, கடை வைத்தவர்களும், ஊர் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களும் ஏறினார்கள். 1953-இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1973-இல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது, அடுத்த வருடமே உடைக்கப்பட்டுவிட்டது. பிறகு ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது, பல உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் முடிந்தது.

இன்று திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். பயணம் சுலபம், பாதுகாப்பு, நேரம் மிச்சம். இதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கங்காணியின் கடனும் டெக்கின் வாந்தியும் திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் நான்கு மணி நேரத்தில் பக்கத்து சீட்காரரின் பெயர்கூடத் தெரிவதில்லை.

1960-களில் அப்பா அம்மாவோடு ரஜூலாவில் வந்த குழந்தைகளுக்கு இன்று அறுபது, எழுபது வயது தாண்டியிருக்கும். சேலம், நாமக்கல் கிராமங்களில் 'மலேயாக்காரர் வீடு' என்று பெயர் வாங்கிய வீடுகளில் அவர்களில் சிலர் இருக்கலாம். பரணில் ஒரு தகரப் பெட்டியும் இருக்கலாம். பக்கத்துப் பாயில் யார் படுத்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதி வைக்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. கேபின் பயணிகளின் டைரிகள் நூலகத்தில் பத்திரமாக இருக்கும். டெக் பயணிகளின் கதை அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.