வேடந்தாங்கற் பறவைக் காப்பு: உழைப்பும் உரிமையும்

பறவைகளைப் பேணுதலை இரக்க உணர்வின் வெளிப்பாடாக மட்டும் காண்பது வரலாற்று நோக்கிற்குப் போதாது. மக்கள் தாமாக முன்வந்து ஆற்றிய காப்புப் பணிக்கும் அவர்தம் உற்பத்தி வாழ்வுக்கும் உள்ள தொடர்பைத் துலக்குதல் அவசியமாகும். அதற்குச் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி தக்க சான்றாகும்.

அவ்வேரியின் நீர்க்கடம்ப மரங்களிற் கூடுகட்டும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அயலூர் நீர்நிலைகளில் இரைதேடித் திரும்புவன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயல்களுக்கு உரமாயிற்று. எனவே, ஆங்கிலேயப் படையினர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கவுல் வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சட்டம் மக்களுக்குப் பறவைக் காப்பைக் கற்பிக்கவில்லை. மக்களின் வழக்கத்தையே சட்டம் பின்னர் ஏற்றுக்கொண்டது.

எனினும், 'ஊரார்' என்னும் சொல் வர்க்க வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது. அக்காலச் செங்கற்பட்டில் நிலவுரிமை மிராசுதாரரிடம் இருந்தது. வயலில் உழைத்தோர் நிலமற்ற பண்ணையாட்கள். நீர்வழி வந்த உரத்தின் பயன், நிலம் யாருடையதோ அவரையே முதலிற் சேர்ந்தது. காவலின் சுமையும் அதன் பயனும் சமமாகப் பகிரப்பட்டன எனக் கொள்வதற்கில்லை.

பின்னர் அதிகாரம் படிப்படியாக அரசிடம் குவிந்தது. 1936இல் ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீற்றர் காப்பெல்லையாயிற்று. 2020இல் அவ்வெல்லையை 3 கிலோமீற்றராகக் குறைக்கும் முன்மொழிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அரசு தந்த காப்பை அரசே சுருக்க முற்படலாம் என்பதை இது காட்டுகின்றது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வனுபவம் அம்பாறைக் கரையோர மக்களுக்குப் புறம்பானதன்று. இம்மாவட்டத்தின் குமண 1938இலேயே பறவைச் சரணாலயமாக்கப்பட்டது. ஆயினும் சரணாலய எல்லைக்குள் மட்டும் பறவைகள் வாழ்வதில்லை. வரிப்பத்தான்சேனை, இறக்காமம் போன்ற ஊர்களின் குளங்களும் வயல்வட்டைகளும் அவற்றின் வாழிடங்களே. இப்பகுதி உழவருக்குப் பறவை ஒருமுகப்பட்டதன்று: கதிரைக் கொத்தும் குருவி பகை, பூச்சியைத் தின்னும் கொக்கு துணை. இம்முரணை அறியாத பறவைப் பற்று வயலோரத்தில் வேரூன்றாது.

குளத்தை மூடும் ஆற்றுவாழையை அகற்றவும் கரையில் மரம் நடவும் இளைஞர் சிரமதானம் செய்வது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு வினா எஞ்சுகின்றது: தூர்ந்த குளம் நீர் கொள்ளும்போது விளைச்சல் யாருக்கு? போடியார், முல்லைக்காரர் என்னும் உறவு இம்மண்ணின் வேளாண்மையில் நெடுங்காலம் நிலவியது. கூலியற்ற உழைப்பை நிலமற்றோர் தர, பெருகிய நீரை நிலமுடையோர் பெறுவராயின், அது தொண்டின் பெயரால் நிகழும் சுரண்டலே.

ஆகவே, குளப் புனரமைப்புப் பற்றிய முடிவு பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே எடுக்கப்படல் வேண்டும். நிலமற்ற உழைப்பாளரும் மீனவரும் அங்குக் குரல் பெறல் வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் பறவையைக் காத்தது அது தம் வாழ்வோடு பிணைந்திருந்தமையாலேயே. அப்பிணைப்பை அனைவர்க்கும் உரியதாக்குவதே இன்றைய தன்னார்வப் பணியின் கடமையாகும்.