பெட்டி மாறலாம், முகவரி மாறலாமா? – மின்னஞ்சல் மேகத்திற்குச் சென்ற வரலாறு



அண்மையில் பெற்றோர் ஒருவர் பள்ளி வாசலில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் கணக்கராகப் பணிபுரியும் ஈப்போ நிறுவனம், அலுவலகத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் வழங்கியை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ‘மேகத்துக்கு’ மாற்றப் போகிறதாம். “சார், எங்க பழைய கடிதமெல்லாம் இனி யார்கிட்ட இருக்கும்?” என்றார்.

எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். அதனை இங்கே எழுதி வைக்கிறேன்.

லயத்து முகவரி

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தின் இரப்பர் தோட்டம் ஒன்றில். லயத்து வீடுகளுக்கு எண் உண்டு. ஆனால், கடித உறையின் மீது தோட்டத்தின் பெயரையும் அதற்குரிய பட்டணத்து அஞ்சலகத்தின் பெயரையும்தான் எழுதுவார்கள். கடிதங்கள் யாவும் தோட்ட அலுவலகத்திற்கு வந்து சேரும். கிராணி ஐயா அவற்றைப் பிரித்து வைத்து, பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பார்.

1990களில் தோட்டம் கைமாறியது. குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் பிரிந்து சென்றன. தமிழகத்திலிருந்து வந்த கடிதங்கள் மட்டும் பழைய முகவரிக்கே சென்றுகொண்டிருந்தன. என் பாட்டியின் தம்பி இறந்த செய்தி, பல மாதங்கள் கழித்தே எங்கள் கைக்கு வந்தது. கடிதத்தைப் பற்றிக்கொண்டு பாட்டி அழுதது இன்றும் நினைவில் இருக்கிறது.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறை அமைச்சராக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீடிழந்ததைக் கண்டு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அவருடைய இவ்விரு பணிகளையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உண்மை புலப்படும். முகவரி பிறருடைய சொத்தாக இருக்கும்வரை, அவர்கள் இடத்தை விற்கும் நாளில் நம் கடிதமும் தொலைந்துபோகும். மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும்.

முகவரியும் பெட்டியும் பிரிந்த ஆண்டு

1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அக்காலத்தில் முகவரி என்பது ஒரு குறிப்பிட்ட கணினியின் பெயரே. அந்தக் கணினியை மாற்றினால் முகவரியும் மாறும். நம் தோட்டத்து முகவரி போலத்தான்.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் ஆள்களப் பெயர் முறையை வகுத்தார். 1986இல் அம்முறையில் ‘எம்எக்ஸ் பதிவு’ என்னும் ஒரு வரி சேர்க்கப்பட்டது. ‘இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன கணினியில் சேர்ப்பிக்கவும்’ என்பதே அவ்வரியின் பொருள். அன்று முதல் முகவரி வேறு, பெட்டி வேறு என்றாயிற்று. பெட்டியை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்; முகவரி அப்படியே இருக்கும். இன்று நடைபெறும் எல்லா இடப்பெயர்வுகளும் இந்த ஒரு வரியை மாற்றுவதால்தான் நடக்கின்றன. மலேசியாவுக்கு உரிய ஆள்களப் பெயர் 1987இல் பதிவு பெற்றது.

அலுவலக அறையில் ஓர் அஞ்சலகம்

1990களில் மலேசியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கிய முதல் நிறுவனம் மைமோஸின் ஜாரிங். 1996இல் டிஎம்நெட் வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் வழங்கியை வெளியிட்டது. நிறுவனங்கள் குளிரூட்டிய சிறு அறையில் ஒரு வழங்கியை வைத்து, தம் ஊழியர்களின் கடிதங்களைத் தாமே பாதுகாக்கத் தொடங்கின. சாவி அவர்களிடமே இருந்தது. ஆனால், மின்தடையும் இடிமின்னலும் வட்டுப் பழுதும் நச்சுநிரலும் அவர்களுடைய பொறுப்பே ஆயின.

அந்தப் பொறுப்பின் சுமையை நானும் கண்டிருக்கிறேன். பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் கற்பித்த ஒரு தோட்டப்பள்ளியில், அலுவலகக் கணினி ஒன்றே எங்கள் அஞ்சலகம். ‘பாப்’ என்னும் முறையில் கடிதங்கள் சேவை நிறுவனத்தின் வழங்கியிலிருந்து இறங்கி வரும். இறங்கியவுடன் அங்கே அழிந்துவிடும். பள்ளி நிலம் குறித்துத் தோட்ட நிருவாகத்துடன் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த ஒரே கணினியில்தான் இருந்தது. ஒரு நாள் மாலை இடி இறங்கியது. வட்டு போயிற்று. பின்னர் நிலத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, சங்கத்தின் முன்னாள் தலைவர் வீட்டு அலமாரியில் அச்சிட்டு வைத்திருந்த ஒரேயொரு கடிதம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. ‘நம்மிடமே இருக்கிறது’ என்பது ‘பத்திரமாக இருக்கிறது’ ஆகாது என்பதை அன்று கற்றேன்.

மேகம் வந்த வழி

மேகம் என்பது வானத்தில் இல்லை. பெரும் நிறுவனங்கள் நடத்தும் தரவு மையங்களில் உள்ள வழங்கிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவதே மேகக் கணிமை. 1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் சுமித்தும் தொடங்கிய ஹாட்மெயில் அதற்கு ஒரு முன்னோடி. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் கூகுள் நிறுவனம் ஜிமெயிலை 1 கிகாபைட் இடத்துடன் அறிவித்தபோது பலர் அதனை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். 2006இல் நிறுவனங்கள் தம் சொந்த ஆள்களப் பெயரிலேயே ஜிமெயிலைப் பயன்படுத்தும் வசதி வந்தது. 2011இல் மைக்ரோசாப்டின் ஆபிஸ் 365 வந்தது.

2021 மார்ச் மாதத்தில், அலுவலகங்களில் இருந்த எக்ஸ்சேஞ்ச் வழங்கிகளின் ஓட்டைகள் வழியே உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான வழங்கிகளுக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது தெரியவந்தது. அந்நிறுவனத்தின் மேகச் சேவைக்கு அப்போது பாதிப்பில்லை. இது பலரை மேகத்தை நோக்கித் தள்ளியது. எனினும் 2023இல் அதே மேகச் சேவையிலும் அமெரிக்க அரசுத் துறைகள் உட்படச் சில நிறுவனங்களின் அஞ்சற்பெட்டிகள் ஊடுருவப்பட்டன. முழுப் பாதுகாப்பு என்பது எங்கும் இல்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாள் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அவ்வழங்கிகளை வைத்திருந்த நிறுவனங்கள் சந்தா முறையிலான புதிய பதிப்புக்கோ மேகத்துக்கோ மாறியாக வேண்டிய நிலை உண்டாயிற்று.

இடப்பெயர்வு நடக்கும் முறை

பெற்றோர்கள் அறிந்துகொள்வதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எத்தனை பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கடிதங்கள் என்று கணக்கெடுப்பார்கள். அடுத்து, புதிய இடத்தில் அதே பெயர்களில் பெட்டிகளைத் திறந்து, பழைய கடிதங்களைப் படியெடுப்பார்கள். இதற்குப் பல நாள்கள் ஆகலாம். அதன் பின்னர், பெரும்பாலும் வார இறுதியில், எம்எக்ஸ் பதிவை மாற்றுவார்கள். உலகெங்கும் உள்ள கணினிகள் சில பழைய குறிப்பைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே, பழைய வழங்கிக்குப் பிந்தி வரும் கடிதங்களை மீண்டும் ஒரு முறை திரட்டுவார்கள். எல்லாம் சரிபார்த்த பிறகே பழைய வழங்கியை நிறுத்த வேண்டும்.

வழக்கமாக விடுபட்டுப் போகிறவை எவை? ஊழியர் தம் கணினியில் மட்டும் சேமித்த பழைய கடிதங்கள், தொடர்பு முகவரிகள், பணி ஓய்வு பெற்றோரின் பெட்டிகள், ‘அலுவலகம்’, ‘கணக்கு’ போன்ற பொதுப் பெட்டிகள். இவற்றைக் கேட்டு வாங்க ஒருவர் இல்லையென்றால், இவை அங்கேயே நின்றுவிடும்.

நம் பள்ளிகளின் பயணம்

நம் நாட்டுப் பள்ளிகளும் இவ்வழியே சென்றன. 2011 இறுதியில் 1பெஸ்தாரிநெட் திட்டம் கையெழுத்தானது. அதன்வழி ‘ஃபுரோக்’ மெய்நிகர் கற்றல் தளம் பள்ளிகளுக்கு வந்தது. 2013 ஏப்ரலில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் என ஒரு கோடிப் பேருக்குக் கூகுள் சேவையை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2019 ஜூன் மாதத்தோடு ஃபுரோக் நின்றது. கூகுள் வகுப்பறைக்கு மாறினோம். 2020 ஜூன் 15ஆம் நாள், பெருந்தொற்றின் நடுவில், டெலிமா தளம் தொடங்கப்பட்டது. பேராக்கின் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் இந்தப் பெருங்குடையின்கீழ் வந்தன. ஒரு காலத்தில் வழங்கி என்றால் என்னவென்றே அறியாத தோட்டப்பள்ளிகூட, தலைநகரப் பள்ளிக்கு நிகரான அஞ்சற்பெட்டியைப் பெற்றது. இது நன்மையே.

ஆனால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஃபுரோக்கில் ஏற்றிய பாடங்களையும் பழைய கடிதங்களையும் எத்தனை பேர் எடுத்து வைத்தோம்? நானே அனைத்தையும் எடுத்து வைக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மேகத்தின் தாராளமும் நிலையானதன்று. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றி இடம் தந்த கூகுள், 2021இல் அதனை மாற்றி, ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக 100 டெராபைட் என்று வரையறுத்தது.

முன்னோடியான ஜாரிங் நிறுவனமும் 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. சேவை நிறுவனத்தின் பெயரிலேயே முகவரி வைத்துக்கொள்பவர்கள், அந்நிறுவனம் உள்ளவரைதான் அம்முகவரியை நம்ப முடியும்.

இந்தியாவின் பெரும் மாற்றம்

மாறாக, முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றியதற்கு இந்திய நடுவண் அரசு சான்றாகும். தேசியத் தகவலியல் மையம் நடத்திவந்த அரசு மின்னஞ்சல் சேவை, 2023இல் ஏழாண்டு ஒப்பந்தத்தின்கீழ் சோகோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்துக்காரரான ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996இல் தொடங்கிய நிறுவனம் அது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. தென்காசி அருகே சிற்றூரிலும் அலுவலகம் நடத்துகிறது. ஏறத்தாழ 12 இலட்சம் ஊழியர்களின் பெட்டிகள் மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. ஊழியர்களின் முகவரியோ மாறவில்லை; அரசின் ஆள்களப் பெயர் அரசிடமே உள்ளது. ஒப்பந்தம் முடிந்தபின் வேறிடம் செல்ல விரும்பினாலும், முகவரியோடு செல்லலாம்.

தமிழுக்கு நேரும் தனி இழப்பு

தமிழர்களுக்கு இதில் மேலும் ஓர் இடர் உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நாம் எழுதிய தமிழ் மின்மடல்கள் பல, முரசு அஞ்சல் போன்ற செயலிகளில், திஸ்கி முதலிய குறியீடுகளில் எழுதப்பட்டவை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் எங்களில் பலருக்குக் கணினித் தமிழின் அரிச்சுவடி. பின்னர் ஒருங்குறி பரவியது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது.

பழைய கடிதங்கள் மேகத்துக்குச் செல்லும்போது எண்கள் பிசகாமல் போய்ச் சேரும். ஆனால், திரையில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். தெரியாதவர்கள் குப்பை என்று அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள்! அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உள்ளன. மாற்றிப் பார்த்தால் நம் சங்கங்களின், பள்ளிகளின் வரலாறு அங்கே இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

பள்ளி வாசலில் கேட்ட பெற்றோருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “கடிதம் வாடகை வீட்டில் இருக்கும். வீட்டுக்காரர் பெரியவர், காவலும் பலமானது. ஆனால் முகவரி உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கடிதங்களுக்கும் ஒரு படி உங்கள் கையிலும் இருக்கட்டும்.”

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் மன்றங்களும் சொந்தமாக ஓர் ஆள்களப் பெயரைப் பதிவு செய்யலாம். அதன் கடவுச்சொல்லும் புதுப்பிக்கும் நாளும் செயலாளர் ஒருவருக்கு மட்டுமன்றி, கூட்டக் குறிப்பேட்டின் வழியே அடுத்து வருபவருக்கும் தெரிய வேண்டும். நிலம், கட்டடம், மானியம் பற்றிய கடிதங்களை ஆண்டுதோறும் தரவிறக்கி வெளிவட்டில் சேமியுங்கள். மிக முக்கியமானவற்றை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். அலமாரியில் இருந்த அந்த ஒரு தாள் எங்கள் பள்ளிக்குச் செய்த உதவியை நான் மறக்கவில்லை.

தோட்டம் கைமாறியபோது எங்கள் முகவரியைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி எங்களிடம் இல்லை. இன்று அந்த வழி நம் கையில் இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் பழைய மின்மடல்கள் எங்கேனும் உறங்கிக் கிடந்தால் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே எடுத்துப் பாருங்கள். கண்டெடுத்ததை எனக்கும் எழுதுங்கள்.