பக்குவம் அறிந்து பொருளை ஒப்படைப்போம்

பிள்ளைகளுக்குத் தொழுகையைக் கற்பிக்கிறோம். குர்ஆன் ஓதக் கற்பிக்கிறோம். ஆனால் பணத்தைக் கையாளும் முறையைக் கற்பிக்கிறோமா? கைச்செலவுக்குக் கொடுப்பதோடு கடமை முடிந்ததெனக் கருதுகிறோம். நம் முன்னோரின் வரலாறு வேறு வழியைக் காட்டுகிறது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் முஸ்லிம்கள் சுமார் 70 பேர் ஷஹீதானார்கள். மதீனாவின் பல இல்லங்களில் பிள்ளைகள் அநாதைகளாயினர். அவர்களுடைய சொத்தைக் காக்கும் சட்டங்களை அந்நிஸா அத்தியாயம் வகுத்தளித்தது. அதன் 6ஆம் வசனம், திருமண வயதை எட்டும்வரை அநாதைகளைச் சோதித்து வருமாறும், அவர்களிடம் பக்குவம் தென்பட்டால் சொத்தை ஒப்படைக்குமாறும், அப்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் கட்டளையிடுகிறது. வயது மட்டும் போதாது. 'ருஷ்து' எனப்படும் பக்குவமும் வேண்டும் என்பது இதன் சாரம்.

இதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லமே சான்று. தந்தையை இழந்த சகோதரர் மகன் காசிமும் அவருடைய உடன்பிறப்பும் அன்னையின் பொறுப்பில் வளர்ந்தார்கள். அன்னையவர்கள் அப்பிள்ளைகளின் பொருளுக்கு ஜகாத் கொடுத்து வந்ததையும், அநாதைகளின் பொருளை வணிகத்தில் ஈடுபடுத்தியதையும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்துள்ளது. அந்தக் காசிம் (ரஹ்) பிற்காலத்தில் மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவரானார்.

சோதிப்பது எப்படி? ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜ் நூலில் இதை விளக்குகிறார். வணிகர் மகனைக் கொள்முதல், விற்பனை, பேரம் ஆகியவற்றிலும், விவசாயி மகனை வேளாண்மையிலும் கூலியாட்களுக்கான செலவிலும் சோதிக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு நூல் நூற்பதும், பூனையிடமிருந்து உணவைக் காப்பதும்கூடச் சோதனைகளே! ஒருமுறை போதாது, பலமுறை சோதிக்க வேண்டும். அதுவும் பருவமடையும் முன்பே தொடங்க வேண்டும்.

பக்குவம் வராதவருக்கு 25 வயதில் சொத்தைக் கொடுத்துவிடலாம் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). எத்தனை வயதானாலும் பக்குவம் வரும்வரை கொடுக்கலாகாது என்றனர் அவருடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்).

இன்று நம் இளைஞர் பலர், சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே தவணைக்குக் கைப்பேசி வாங்குகின்றனர். வட்டி என்று தெரியாமலே வட்டியில் வீழ்கின்றனர். அவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. நாம் அவர்களைச் சோதிக்கவுமில்லை, பழக்கவுமில்லை.

செல்வம் என்பது பொருள்களின் பெருக்கமன்று, மனத்தின் நிறைவே என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. வசதியில் தம்மைவிடக் கீழிருப்போரைப் பார்க்கவும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். கணக்கறிவு மட்டும் வளர்ந்தால் பேராசையில் முடியலாம். போதுமென்ற மனம் மட்டும் இருந்தால் ஏமாற நேரலாம். இரண்டும் சேர்ந்ததே பக்குவம்.

எனவே மாதத்தில் ஒரு வாரமேனும் வீட்டுச் சாமான் வாங்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். கணக்கு எழுதச் சொல்வோம். தவறினால் கடிந்துகொள்ளாமல், மறுமாதம் மீண்டும் கொடுப்போம். மிச்சத்தில் ஒரு பங்கைத் தம் கையாலேயே ஸதகா செய்யப் பழக்குவோம்.

நம் இளைய தலைமுறைக்கு ஹலாலான செல்வத்தையும் நிறைவான உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.