கைக்கு அளவுண்டு, மூச்சுக்கு?

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர், 1880க்குப் பின் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களில் உழைத்துத் தங்கவயலை உருவாக்கினர். வெடியும் எந்திரமும் பலருடைய கைகால்களைப் பறித்தன.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் அத்தகைய இழப்பை எண்ணால் அளந்தது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் உழைத்துப் பொருளீட்டும் திறனில் 70 விழுக்காடு இழப்பு; இடக்கைக்கு 60; ஒரு கண்ணுக்கு 30; கட்டைவிரலுக்கு 25. மைசூர் மன்னராட்சி நாடாதலின் அச்சட்டம் இங்கு நேரே செல்லவில்லை. விடுதலைக்குப் பின்னரே செல்லலாயிற்று.

துளைப்பொறி கிளப்பிய பாறைத்தூசியோ, குருதி சிந்தாமல் நெஞ்சிற் குடியேறிற்று. பல்லாண்டு கழித்தே இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றும். இந்தச் சிலிகோசிஸ் நோய் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை, பின்னரே சேர்க்கப்பெற்றது. இழந்த கை தானே சான்று கூறும். இழந்த மூச்சுக்கோ, மருத்துவர் சான்றும் வேலைப் பதிவும் வேண்டும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அன்பர்களே! வீட்டுப் பெட்டியில் தந்தையாரின் மருத்துவச் சீட்டோ பணிப் பதிவோ கிடக்குமாயின் எறிந்துவிடாதீர்கள். அவர் இழந்த மூச்சுக்கு அதுவே சாட்சி.